பங்குதாரர் ஆனால் ஓட்டம் குறையுமா, டாக்டர்?

வாசகர் கேள்வி:

“எனக்கு வயது 41. மயக்கவியல் மருத்துவர். பயிற்சி முடித்துச் சில வருடம் சம்பளத்துக்கு இருந்தேன். கடந்த 9 வருடமாக எந்த மருத்துவமனையிலும் நிரந்தரமாகச் சேராமல் கேஸுக்குக் கேஸ் போய்வருகிறேன். ஏழெட்டு சர்ஜன்கள் வழக்கமாகக் கூப்பிடுவார்கள். அவர்களில் மூன்று பேர் சேர்ந்து 40 படுக்கை மருத்துவமனை தொடங்குகிறார்கள். என்னை நான்காவது பங்குதாரராகக் கேட்கிறார்கள். 20 சதவீதப் பங்கு. அதில் பாதிப் பணம் என் சேமிப்பிலிருந்து, மீதிக்கு என் பெயரில் கடன். அதுபோக, மருத்துவமனை வாங்கும் வங்கிக் கடனுக்கு நாங்கள் நால்வரும், எங்கள் வாழ்க்கைத் துணைகளும் உத்தரவாதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். என் கணவர் பள்ளி ஆசிரியர். ‘நீ போடச் சொன்னா போடுறேன்’ என்கிறார்.

ராத்திரி போன் அடித்தால் இப்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது. சொந்தமாக ஓர் இடம் இருந்தால் இந்த ஓட்டம் குறையும் என்று தோன்றுகிறது. பயிற்சிக் காலத்தில் ஒரு சீனியரின் தம்பியிடம் எடுத்த ஐந்து பாலிசிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? போன மாதம் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி) 6.1. மாதக் கடைசிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார்கள்.”

பதில்:

அன்புள்ள டாக்டர்,

உங்கள் கடிதம் முழுக்கப் பணக் கணக்கு. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஒரே வரியைத்தான்: ‘சொந்தமாக ஓர் இடம் இருந்தால் இந்த ஓட்டம் குறையும்.’ குறையாது. கூடும் என்றுதான் நினைக்கிறேன்.

இன்று ராத்திரி 2 மணிக்கு ஒரு சர்ஜன் கூப்பிட்டால், “முடியல சார், வேற ஆளப் பாருங்க” என்று சொல்ல உங்களால் முடியும். சங்கடம்தான். கோபித்துக்கொண்டு அடுத்த இரண்டு வாரம் அவர் கூப்பிடாமலும் போகலாம். ஆனாலும் சொல்லலாம். பங்குதாரர் ஆன பிறகு அதே 2 மணிக்கு அதே போன் வரும். அப்போது ஆபரேஷன் தியேட்டர் உங்களுடையது, நர்ஸ் சம்பளம் உங்களுடையது, அந்த மாதத் தவணையும் உங்களுடையது. கேஸ் வேறு இடத்துக்குப் போனால் நட்டம் உங்களுக்கே. மூன்று சர்ஜன்களில் ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் இன்னொருவர் கத்தி எடுத்துக்கொள்வார். உங்களுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நால்வரில் மாற்று ஆள் இல்லாத ஒரே பங்குதாரர் நீங்கள். இதை அவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள். உங்களை அழைத்த காரணத்தில் பாதி இதுதான்.

அடுத்தது உங்கள் தொழிலில் எல்லோரும் அறிந்தது, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது. ஏழெட்டுப் பேர் கூப்பிடுகிறார்கள் என்கிறீர்கள். மூன்று பேர் போக மீதி நான்கைந்து பேர். நீங்கள் ஒரு மருத்துவமனையின் முதலாளி என்று தெரிந்த நாளிலிருந்து அவர்கள் உங்களைக் கூப்பிடுவது குறையும். எதிர்க்கடைக்காரரை யாராவது தங்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்களா? அந்த நான்கைந்து பேரிடமிருந்து வருவது உங்கள் வருமானத்தில் எத்தனை பங்கு என்று கடிதத்தில் இல்லை. பங்கின் விலை என்று அவர்கள் சொன்ன தொகையோடு அந்த வருமானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு உண்மையான விலை அதுதான்.

மருத்துவமனை லாபம் என்பது எங்கே இருக்கிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓர் அறுவைக்கு வரும் பணத்தில் முதலில் சர்ஜனின் கட்டணம் போகும், உங்கள் கட்டணம் போகும், மருந்து, இம்ப்ளாண்ட், ஆள்கூலி போகும். எல்லாம் போக அடியில் தங்குவதுதான் பங்குதாரர்களுக்கு. சர்ஜன் கட்டணத்தைக் கொஞ்சம் ஏற்றினால் அடியில் தங்குவது குறையும். ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மேஜையில் நான்கு நாற்காலி, மூன்றில் சர்ஜன்கள். அவர்கள் நேர்மையானவர்களாகவே இருக்கட்டும். நல்லவர்களுக்கும் தன் கட்டணம் நியாயமானதாகத்தான் தெரியும். 20 சதவீத ஓட்டை வைத்துக்கொண்டு நீங்கள் எதையும் தடுக்க முடியாது. கட்டண மாற்றம், புதுக் கடன், புதுப் பங்குதாரர் ஆகிய மூன்றுக்கும் நால்வரின் சம்மதமும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் கதை வேறு. எழுதியிருக்கிறதா?

அவர்கள் காட்டிய கணிப்பு அறிக்கையை நான் பார்க்கவில்லை. பார்க்காமலே ஒன்று கேட்கச் சொல்கிறேன்: படுக்கையில் பாதி 18 மாதம் காலியாகக் கிடந்தால் தவணையை எதிலிருந்து கட்டுவது? மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதி நோயாளி வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான். ஓர் எம்.ஆர்.ஐ ஸ்கேனரையே எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான மாடல்களில் அதன் காந்தச் சுருள் திரவ ஹீலியத்தில், சுமார் மைனஸ் 269 டிகிரியில் மூழ்கிக் கிடக்க வேண்டும். அந்தக் குளிரைக் காக்கும் கம்ப்ரஸர் 24 மணி நேரமும் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவர் வந்தாலும் அதே மின்சாரம், அதே பராமரிப்பு ஒப்பந்தம். இன்னொன்று, காப்பீட்டு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டிய பணம். பில் இன்று போடுவார்கள். பணம் வர வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். சம்பளமோ ஒன்றாம் தேதி கொடுத்தாக வேண்டும். ஏட்டில் லாபம் காட்டும் மருத்துவமனை ஒன்று ஆக்சிஜன் சிலிண்டர்காரருக்குத் தவணை சொல்லிக்கொண்டிருந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். கட்டடத்துக்கும் கருவிக்கும் கணக்குப் போட்டவர்கள் அந்த இடைவெளியைத் தாண்டும் நடைமுறை மூலதனத்தை ஒதுக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆறாவது மாதம் “ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க” என்று கூட்டம் கூட்டுவார்கள்.

இனி அந்த உத்தரவாதக் கையெழுத்து.

வங்கிப் பத்திரங்களில் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்று ஒரு தொடர் வரும். எண்பது வரிகளுக்கு நடுவே அமைதியாக உட்கார்ந்திருக்கும். அதன் பொருள், கடன் நின்றுபோனால் நான்கு பேரிடமும் ஆளுக்கொரு பங்காக வசூலிக்கும் கட்டாயம் வங்கிக்கு இல்லை. யாரிடம் எளிதாகக் கிடைக்குமோ அவரிடம் முழுவதையும் கேட்கலாம் என்பது. மற்ற மூவரிடம் நீங்கள் பின்னால் போய் வாங்கிக்கொள்ள வேண்டும், கோர்ட் வழியாக. யாரிடம் எளிதாகக் கிடைக்கும்? ஏற்கெனவே கழுத்தளவு கடனில் இருக்கும் சர்ஜனிடமா, மாதாமாதம் தவறாமல் சம்பளம் வாங்கும் கணவர் உள்ள உங்களிடமா? லாபத்தில் உங்கள் பங்கு 20 சதவீதம். கடனில் உங்கள் பங்கு 100 சதவீதம். ‘கம்பெனியாகப் பதிந்திருக்கிறோம், பொறுப்பு வரம்புக்கு உட்பட்டது’ என்று ஆறுதல் சொல்வார்கள். அந்த வரம்பைத் தாண்டி உங்கள் வீட்டுக்குள் வருவதற்காகத்தான் வங்கி தனிப்பட்ட உத்தரவாதம் கேட்கிறது.

நோயாளியின் முதுகில் ஊசி போடும் முன் நீங்கள் எவ்வளவு சொல்கிறீர்கள்! தலைவலி வரலாம், பிரஷர் இறங்கலாம், அபூர்வமாக நரம்பு பாதிக்கலாம் என்று நிதானமாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறீர்கள். அதே கையால், இரண்டு கேஸுக்கு நடுவே, பச்சை கவுனோடு டாக்டர்கள் உத்தரவாதப் பத்திரத்தில் பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் எல்லாம் ஒரு கிறுக்கல். அவ்வளவுதான்.

ஆகவே, கணவர் கையெழுத்துப் போட வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. உங்களுடையதும் போட்டுத்தான் தீர வேண்டும் என்றால், உங்கள் பங்கின் அளவுக்கு, ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போகாத உத்தரவாதமாக இருக்க வேண்டும். பங்கை விற்றுவிட்டு வெளியேறினால் அந்த உத்தரவாதமும் ரத்தாகும் என்று வங்கி எழுத்தில் தர வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பங்குதாரராக இல்லாமல் நான்கு வருடம் ஆன பிறகும் பழைய உத்தரவாதம் உயிரோடு இருக்கும்.

வெளியேறுவது என்றதும் ஞாபகம் வருகிறது. கழுத்து குட்டையான, வாய் சரியாகத் திறக்காத நோயாளி வந்தால் நீங்கள் மூச்சுக்கான ட்யூபைக் கையில் எடுக்கும் முன்பே, காற்று போகும் வழி அடைபட்டால் என்ன செய்வது என்று பேசி வைத்துவிடுவீர்கள். மூச்சுவழிச் சிக்கல்களுக்கான மருத்துவர் சங்கமான பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி 2015-ல் வெளியிட்ட வழிகாட்டியில் ஏ, பி, சி, டி என்று நான்கு திட்டம் வரிசையாக இருப்பது எனக்கே ஒரு மயக்கவியல் மருத்துவர் சொல்லித் தெரிந்தது. கடைசித் திட்டம் கழுத்தின் முன்பக்கம் வெட்டி வழி செய்வது. வேண்டியிருக்காது என்ற நம்பிக்கையோடுதான் அதற்கான கத்தியையும் தட்டில் வைக்கிறீர்கள். பங்கு ஒப்பந்தத்தையும் அப்படிப் படியுங்கள். லாபப் பங்கீட்டுப் பக்கத்தை விட்டுவிட்டுப் பின்னாலிருந்து ஆரம்பியுங்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு யாருக்கு? விவாகரத்தானால்? ஒருவரின் மருத்துவப் பதிவு ரத்தானால்? நான் போகிறேன் என்றால் என் பங்குக்கு விலை வைப்பது யார், எந்தச் சூத்திரப்படி, பணம் எத்தனை மாதத்தில்? போன பிறகு எத்தனை வருடம், எத்தனை தூரத்துக்குள் நான் வேலை செய்யக் கூடாது? இந்தக் கடைசி நிபந்தனை உங்களுக்கு மட்டும் விஷம். நீங்கள் ஒரே இடத்தில் வேலை செய்பவர் இல்லையே. ‘போட்டி நிறுவனத்தில் பணியாற்றக் கூடாது’ என்று பொதுவாக ஒரு வரி இருந்தால், வெளியே வந்த மறுநாள் உங்களுக்குப் பிழைப்பே இல்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு ‘வேண்டாம் என்று எழுதி அனுப்புங்கள்’ என்று முடித்துவிடலாம். ஆனால் அவர்களுக்கு நீங்கள் தேவை. மயக்க மருந்து இல்லாமல் அந்தத் தியேட்டர் ஒரு குளிர்சாதன அறை. உங்கள் கையில் பேரம் பேசும் சீட்டு இருக்கிறது. அதைக் கடனுக்கு உத்தரவாதமாகக் கொடுத்து வீணடிக்க வேண்டாம். முதல் இரண்டு வருடம் பங்கு இல்லாமல், வாரத்தில் இத்தனை நாள் பகல் பட்டியல் என்று செஷன் கணக்கில் ஒப்பந்தம் கேளுங்கள். கூடவே, இரண்டு வருடத் தணிக்கை செய்த கணக்கைப் பார்த்த பிறகு, இன்றே எழுதி வைத்த சூத்திரப்படியான விலையில் 10 சதவீதம் வரை பங்கு வாங்கும் உரிமை. வாங்குவது உங்கள் விருப்பம், கட்டாயம் இல்லை. இன்று வாங்குவதைவிட அன்று விலை கூடுதலாக இருக்கலாம். இருக்கட்டும். ஓடும் வண்டியா, ஓடாத வண்டியா என்று தெரிந்துகொண்டதற்கான கூலி அது. மற்ற சர்ஜன்களும் உங்களை வழக்கம்போலக் கூப்பிடுவார்கள்.

மறுத்துவிட்டால்? ‘அப்போ வேற அனெஸ்தடிஸ்ட பாத்துக்கறோம்’ என்றால்? பார்க்கட்டும். பணம் போட்டால்தான் நீங்கள் வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வேண்டியது உங்கள் பணம். இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

மாதக் கடைசிக் கெடுவைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டி முடிக்கவே இரண்டு வருடம் ஆகும் மருத்துவமனைக்கு மூன்று வாரக் கெடு எதற்கு? கேட்டுவிடுங்கள். 1997-ல் ‘நேச்சர்’ இதழில் டாசன், ரீட் என்ற இருவர் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். 17 மணி நேரம் தூங்காமல் இருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குத் தளர்ந்துபோகிறது என்பது அதன் சாரம். பல நாடுகளில் அந்த அளவு இருந்தால் வண்டி ஓட்டக் கூடாது. இரவு டூட்டி முடித்த காலையில் நீங்கள் கார் ஓட்டுவதற்கே நான் யோசிப்பேன். பல வருடக் கடனில் கையெழுத்து?

‘போன் அடித்தால் வயிற்றைப் பிசைகிறது’ என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்ற ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் ‘பர்ன்அவுட்’ வேலை சார்ந்த ஒரு நிலையாக இடம்பெற்றிருக்கிறது. நோய் என்று அதை வகைப்படுத்தவில்லை. சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகுவது அல்லது கசப்பது, செய்யும் வேலையில் பயன் இல்லை என்று தோன்றுவது என்று மூன்றைச் சொல்கிறது. உங்களுக்கு இருப்பது அதுதானா என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. எனக்குத் தெரிந்தது வேறு: இந்த நிலையில் இருப்பவர்கள் பெரிதாக ஏதாவது வாங்குகிறார்கள். மருத்துவமனை, தோட்டம், இரண்டாவது வீடு. ஒன்றை மாற்றினால் எல்லாம் மாறும் என்று தோன்றும். மாறுவது தவணைத் தொகை மட்டும்.

ஓட்டத்தைக் குறைக்க மலிவான வழி ஒன்று இருக்கிறது. உங்கள் கேஸ் நோட்டு இருக்குமே, அதை எடுங்கள். கடந்த 12 மாதத்தில் இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் நடுவே செய்த கேஸ்களை மட்டும் பேனாவால் வட்டமிட்டு, அவற்றிலிருந்து வந்ததைக் கூட்டுங்கள். சில வருடத்துக்கு முன் உங்களைப் போலவே கேஸுக்குப் போகும் ஒருவரின் நோட்டை நானும் அவரும் சாப்பாட்டு மேஜையில் வைத்து இப்படிக் கூட்டினோம். ‘பாதி வருமானம் ராத்திரியில்தான்’ என்று சத்தியம் செய்தவருக்கு ஆறில் ஒரு பங்குதான் வந்தது. அவர் கணக்கு முடிந்த பிறகும் நோட்டின் அட்டையைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். உங்களுக்கு வேறு விடை வரலாம். வந்த தொகையில் வரியையும் கழியுங்கள். வருமானம் ஏற ஏற வரி விகிதம் ஏறும் முறை உள்ள இடங்களில் உங்கள் மேல்தட்டு வருமானம்தான் அதிக விகிதத்தில் வெட்டுப்படும். இரவு வேலையை விட்டால் கையில் குறைவது, நோட்டில் குறைவதைவிடச் சிறியது. மீதித் தொகையை வருடத்தின் இரவுகளால் வகுத்துப் பாருங்கள். ஓர் இரவுத் தூக்கத்தின் விலை தெரியும். அதைக் கொடுத்து வாங்குவதா வேண்டாமா என்று நீங்களும் கணவரும் பேசிக்கொள்ளலாம். வாரத்தில் மூன்று இரவு போனை இன்னொரு இளைய மருத்துவருக்குத் திருப்பிவிடுவதற்கு எந்த வங்கியும் கையெழுத்துக் கேட்காது.

பாலிசிகளுக்கு வருகிறேன். முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: ஆரம்பத்தில் நான்கு வருடம் நானும் பாலிசி விற்றவன். டாக்டர்கள்தான் எங்களுக்கு அறுவடை. படிப்பு முடிந்து முதல் சம்பளம் வரும் மாதம் எது என்று ஏஜென்டுகளுக்குத் தெரியும்; சீனியர் அறிமுகம் செய்தால் ஜூனியர் கேள்வி கேட்க மாட்டார் என்பதும் தெரியும். இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்கிறேன். உங்களிடம் எதையாவது விற்க வருபவரிடம், நான் உட்பட, ‘இதில் உங்களுக்கு எவ்வளவு வரும்?’ என்று கூசாமல் கேளுங்கள்.

காப்பீட்டையும் சேமிப்பையும் ஒன்றாகக் குழைத்த பாலிசியில் கணக்கு இப்படி இருக்கும். வருடம் 100 வீதம் 20 வருடம் கட்டுகிறீர்கள்; மொத்தம் 2,000. முடிவில் 3,400 தருகிறார்கள். ‘கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு’ என்பார் ஏஜென்ட். கூட்டு வட்டியில் போட்டுப் பார்த்தால் வருடத்துக்கு 5 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. விலைவாசி ஏற்றத்தைக் கழித்தால் என்ன மிஞ்சும் என்பது நீங்கள் இருக்கும் இடத்தைப் பொறுத்தது. ஆயுள் காப்பீடோ, குடும்பத்துக்குத் தேவையான தொகையில் ஒரு சிறு துண்டுதான்.

ஆனாலும் ஐந்தையும் ஒரே மூச்சில் மூட வேண்டாம். இதுவரை கட்டியது போய்விட்டது. அதைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும், இன்று மூடினால் கையில் வருவது எவ்வளவு, தொடர்ந்தால் இனிமேல் கட்ட வேண்டியது எவ்வளவு, கடைசியில் கிடைப்பது எவ்வளவு என்று நிறுவனத்திடமே எழுத்தில் வாங்குங்கள். மூன்று வருடம் மட்டுமே பாக்கி உள்ள பாலிசி, அந்த மூன்று வருடத்துக்கு நல்ல வட்டி தருவதாகவே அமையலாம். பத்து வருடம் பாக்கி உள்ளது பெரும்பாலும் அப்படி அமையாது. முக்கியமாக, பதிலுக்கு எடுக்கும் புது டெர்ம் பாலிசி (சேமிப்பு கலக்காத, இறந்தால் மட்டும் பணம் தரும் ஆயுள் காப்பீடு) எழுத்தில் கைக்கு வந்து சேரும்வரை பழையதில் கை வைக்காதீர்கள். எச்பிஏ1சி 6.1 என்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய கட்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனம் பிரீமியத்தைக் கூட்டலாம், காத்திருக்கச் சொல்லலாம். அதை விண்ணப்பத்தில் மறைக்கவும் வேண்டாம். மறைத்தது தெரிந்தால் பணம் கேட்டு வரும் நாளில் கையை விரிப்பார்கள். அந்த நாளில் வாதாட நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

இறப்பைவிட எனக்கு உங்கள் கையைப் பற்றித்தான் கவலை. மணிக்கட்டு முறிந்தோ, கண் மங்கியோ தியேட்டருக்குள் போக முடியாமல் போனால் வருமானம் அன்றே நின்றுவிடும். ஊனக் காப்பீடு எடுத்தால் ‘ஊனம்’ என்பதை எப்படி வரையறுக்கிறார்கள் என்ற ஒரு பக்கத்தை மட்டுமாவது படியுங்கள். ‘தன் சொந்தத் தொழிலைச் செய்ய முடியாமை’ என்றிருந்தால் நல்லது. ‘எந்த வேலையும் செய்ய முடியாமை’ என்றிருந்தால், கல்லூரியில் பாடம் நடத்தலாமே என்று சொல்லி மறுத்துவிடுவார்கள்.

தொழில்முறைப் பொறுப்புக் காப்பீட்டிலும் ஒரு பொறி உண்டு. ‘புகார் வரும் நாளில் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும்’ என்ற வகை ஒன்று. ‘சம்பவம் நடந்த நாளில் இருந்தால் போதும்’ என்ற வகை இன்னொன்று. உங்களுடையது முதல் வகை என்றால், பாலிசியை மாற்றும்போது பழைய கேஸ்களுக்கான நீட்டிப்பை வாங்க வேண்டும். புது மருத்துவமனை ‘எங்கள் குழு பாலிசியில் சேர்ந்துகொள்ளுங்கள்’ என்று சொல்லி, நீங்கள் சந்தோஷமாகப் பழையதை விட்டுவிட்டால், 9 வருடத்துக் கேஸ்கள் அத்தனையும் கூரை இல்லாமல் நிற்கும்.

பங்கின் விலையில் பாதியைச் சேமிப்பிலிருந்து கொடுக்கச் சொல்கிறார்கள் அல்லவா? மயக்கம் கொடுக்கும் முன் மூன்று நிமிடம் சுத்த ஆக்சிஜனைச் சுவாசிக்க வைக்கிறீர்கள். அதைச் செய்தால் ஆரோக்கியமான ஒருவருக்கு மூச்சு நின்றபின் எட்டு நிமிடம் போல அவகாசம். செய்யாவிட்டால் ஒரு நிமிடம் சொச்சம். பன்னிரண்டு மாதக் குடும்பச் செலவை உடனே எடுக்கக்கூடிய இடத்தில் வைத்திருப்பதும் அதேதான். கேஸுக்குப் போகிறவருக்கு விடுப்புச் சம்பளம் கிடையாது. சம்பளக்காரருக்கு ஆறு மாதம் போதும் என்றால் உங்களுக்குப் பன்னிரண்டு. இந்தத் தொகையைப் பங்குக்கோ வேறு எதற்குமோ தொடாதீர்கள்.

மீதியை எங்கே போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆகவே சுருக்கமாக. மாதம் 100 வீதம் 25 வருடம், வருடத்துக்கு 8 சதவீதம் என்றால் சுமார் 95,000. அதே முதலீட்டில் ஆண்டுச் செலவும் கமிஷனும் ஒன்றரை சதவீதத்தைத் தின்று 6.5 ஆனால் சுமார் 75,000. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகிறது, யாரும் திருடாமலே. குறைந்த செலவுள்ள, பரவலாகப் பிரித்துப் போடும் இண்டெக்ஸ் ஃபண்ட் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் நிதி) ஒன்று உங்கள் நாட்டில் கிடைத்தால் அதற்கு மேல் தேடி அலுக்க வேண்டாம். எட்டு சதவீதம் என்பது கணக்குக்காகச் சொன்னது. நிச்சயம் என்று யாராவது சொன்னால் கதவைக் காட்டுங்கள்.

எவ்வளவு சேர்ந்தால் போனை அணைக்கலாம்? வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க ஆலோசகர் 1994-ல் ஒரு கணக்குப் போட்டார். சேர்த்ததில் முதல் வருடம் 4 சதவீதம், பிறகு விலைவாசிக்கு ஏற்ப அதையே கூட்டி எடுத்தால் 30 வருடம் தாங்கும் என்று. அதாவது வருடச் செலவைப் போல 25 மடங்கு. அமெரிக்கச் சந்தையின் பழைய தரவில் போட்ட கணக்கு. உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், 28, 30 என்று வைத்துக்கொண்டால் தூக்கம் வரும். அந்த எண்ணில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்று பாருங்கள். ஐந்து வருடத்தில் இரவு வேலையே வேண்டாம் என்ற நிலைக்கு நீங்கள் ஏற்கெனவே அருகில் இருக்கலாம். மருத்துவமனைக் கடன் அந்தத் தேதியை எத்தனை வருடம் தள்ளி வைக்கும் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள்.

மூன்று சர்ஜன்களையும் சந்திக்க, முந்தின இரவு வேலை இல்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கணவரையும் அழைத்துப் போங்கள். “எனக்கு உங்களோடு வேலை செய்ய ஆசை. இரண்டு வருடம் செஷன் கணக்கில் வருகிறேன், பங்கு வாங்கும் உரிமையை எழுதிக் கொடுங்கள், உத்தரவாதத்தில் வீட்டுக்காரர் கையெழுத்து இல்லை” என்று இந்த மூன்றை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர்கள் பேசட்டும். அன்றைக்கே எதிலும் கையெழுத்து வேண்டாம். ஒப்பந்த வரைவின் நகலைக் கேட்டு வாங்கி வாருங்கள். அதில் வெளியேறும் பிரிவு இல்லையென்றால் எனக்கு அனுப்பவே வேண்டாம். இருந்தால் அனுப்புங்கள், ஒரு வக்கீலோடு உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.